பெரியவங்க உடம்பு அரிக்குதுன்னா, எந்த மருந்து?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை என்றே பேசிப் பழகிய இந்தக் கூட்டத்தில், இன்றைக்கு அரிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. நம் குழு ஒன்றின் தீர்மானப் புத்தகத்தில் "மாமியார் மருத்துவச் செலவு" என்று மூன்று முறை உள்கடன் எழுதியிருக்கிறோம். மூன்றுமே அரிப்புக்காக வாங்கிய கடன். கையெழுத்துப் போட்டவர்களில் நாங்களும் உண்டு. எந்த மருந்துக்கு இந்தப் பணம் போகிறது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காததால் என்ன ஆனது என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் டாக்டர் இல்லை. அந்த அம்மாவை மருத்துவமனைக்கு மாறி மாறி அழைத்துப் போனவர்கள். அங்கே கேட்டதையும், பார்த்ததையும், கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நடந்தது என்ன?

அந்த அம்மாவுக்கு வயது 70 நெருக்கம். பத்து வருஷமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு மார்கழியில் முதுகு, கை, கால், கழுத்து என்று அரிப்பு ஆரம்பித்தது. "உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தாயி" என்று மருமகளிடம் சொல்லுவார். ராத்திரி தூக்கம் கிடையாது. சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்துப் போனது.

முதலில் மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கினார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. டியூப் தீர்ந்ததும் திரும்ப வந்தது. இன்னொரு டியூப். பிறகு பக்கத்து ஊரில் ஒருவர் ஊசி போடுகிறார், நல்லா கேட்குது என்று அங்கே போனார்கள். ஊசியோடு பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரையும், தூக்கம் வர ஒரு மஞ்சள் மாத்திரையும் கொடுத்தார்கள். நாங்கள் எழுதிய உள்கடன் எல்லாம் இதற்குத்தான்.

நாலு மாதத்தில் அந்த அம்மாவின் முகம் உப்பி வட்டமானது. "அத்தை உடம்பு தேறிட்டாங்க" என்று மருமகளும் சந்தோஷப்பட்டார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வந்த சகோதரி சர்க்கரை பார்த்தபோது 380-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம், நடுராத்திரியில் கொல்லைக்குப் போக எழுந்தவர் தூக்கக் கலக்கத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

கட்டுப் போட்ட மருத்துவமனையில்தான் கேட்டார்கள், "இவங்க என்னென்ன மருந்து சாப்பிடறாங்க?" என்று. மருமகளுக்குப் பதில் தெரியவில்லை. கூடப் போன எங்களுக்கும் தெரியவில்லை. பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இது ஸ்டீராய்டாக இருக்கலாம், சட்டென்று நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

இது என்ன நோய்?

தோல் டாக்டர் முதலில் தோலைப் பார்க்கவில்லை, கேள்விதான் கேட்டார். "சின்ன வயசுல கரப்பான் வந்திருக்கா? வீட்டில் யாருக்காவது இளைப்பு, ஓயாத தும்மல் இருக்கா?" அந்த அம்மாவின் மகனுக்கு இளைப்பு உண்டு. அவருக்கே சிறு வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் இருந்ததாம். நோயின் பெயர் அடோபிக் டெர்மடைடிஸ். நம் ஊரில் கரப்பான் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறோம். 60 வயதுக்கு மேலும் வரும். சிறு வயதில் வந்து போனது திரும்பவும் வரும், சிலருக்கு அப்போதுதான் முதல்முறையாகவும் வரும்.

வயதாக ஆக தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது, தோல் மெலிகிறது. கூரையில் ஓலை விலகினால் மழை உள்ளே வருவதுபோல, தோலின் காப்பு விலகினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கும் சோப்பு, தூசி, கிருமி உள்ளே போகிறது. அதனால் அரிப்பு. சொறிந்தால் காப்பு இன்னும் கிழியும். அதனால் இன்னும் அரிப்பு.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. அந்த அம்மாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் போட்ட வீட்டார் இதைக் கேட்டுத் தலைகுனிந்தார்கள். இது அடியோடு ஒழிந்துபோகிற நோயும் இல்லை. சர்க்கரையைப் போல, அடக்கி வைத்து வாழ வேண்டியது. "ஒரே ஊசியில் வேரோடு அறுத்துடுவேன்" என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா அரிப்பும் கரப்பான் இல்லை

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நோய் இதுதானா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களிடம் ஏமாற்றுகிற அரிப்புகள் பல உண்டு.

- விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் அரித்து, ராத்திரி அதிகமாகி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும்.
- முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று வெளியே தெரிகிற இடங்களில் மட்டும் தடித்து, காடு கழனிக்குப் போனால் அதிகமானால், பார்த்தீனியம் செடியின் ஒவ்வாமையாக இருக்கலாம். அந்தச் செடியை விட்டு விலகாமல் எந்த மருந்தும் நிற்காது.
- புதிதாகப் பிரஷர் மாத்திரையோ வேறு மாத்திரையோ தொடங்கிய பின் வந்த அரிப்பு, அந்த மாத்திரையாலும் இருக்கலாம். நாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
- தோலில் தடிப்பே இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் கிட்னி, ஈரல், தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுவார்கள்.
- அரிப்போடு பெரிய கொப்புளம் வந்தால், உடல் மெலிந்தால், கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால் காத்திருக்கக் கூடாது.

வயதான பிறகு புதிதாக வந்து, மருந்துக்கும் அடங்காத கரப்பானுக்குத் துளி தோல் எடுத்துப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். அபூர்வமாகத் தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோயும் கரப்பான் போலவே தெரியும். பயப்பட வேண்டாம். ஆனால் மறுக்க வேண்டாம்.

முதல் மருந்து எண்ணெய்ப் பசை

எந்த மருந்து எழுதினாலும் அதற்கு அடியில் இருக்க வேண்டியது தோலுக்கு ஈரப்பசை. ஐந்து பத்து நிமிடத்தில் குளியல் முடிய வேண்டும். தண்ணீர் இளஞ்சூடு போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரம் சுகம், அப்புறம் இரட்டிப்பு அரிப்பு. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்னே எண்ணெயோ, பெட்ரோலியம் ஜெல்லியோ, அரசு மருத்துவமனையில் தருகிற பாரபின் களிம்போ தடவ வேண்டும். உடம்பு முழுக்க வறட்சி இருந்தால் வாரத்துக்குக் கால் கிலோ வரைக்கும் தேவைப்படும். விலை கூடிய கிரீமை மிளகளவு தடவுவதைவிட, சாதாரணமானதைத் தாராளமாகத் தடவுவதே மேல்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டோம். வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றார்கள். கரப்பான் உள்ள பெரியவர்களிடம் செய்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆலிவ் எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் தோலில் உள்ள கிருமியைக் கூடுதலாகக் குறைத்தது. வேண்டாதது எது? மண்ணெண்ணெய், டெட்டால், உப்புத் தண்ணீர், சூடு வைப்பது.

இரண்டு எச்சரிக்கை. பாரபின் களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். விறகடுப்புப் பக்கம் உட்காருகிற, பீடி பிடிக்கிற பெரியவர்கள் வீட்டில் கவனம் தேவை. உள்ளங்காலில் எண்ணெய் பூசிவிட்டு சிமெண்ட் தரையில் நடக்க விடாதீர்கள்.

களிம்பு: பயப்படவும் வேண்டாம், விளையாடவும் வேண்டாம்

ஸ்டீராய்டு களிம்பு கெட்டது என்று சிலர் தொடவே பயப்படுகிறார்கள். சரியான இடத்தில், சரியான வீரியத்தில், சொன்ன நாட்கள் வரை போட்டால் கரப்பானை அடக்குவதில் அதுதான் முதல் வரிசை மருந்து. ஆனால் வீரியம் பலவிதம். கைகாலுக்கு எழுதிய வீரியமான களிம்பை முகத்திலோ தொடை இடுக்கிலோ பூசக் கூடாது. பெரியவர்கள் தோல் ஏற்கெனவே காகிதம் மாதிரி. மாதக்கணக்கில் பூசினால் இன்னும் மெலிந்து, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும், கிழியும்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்லித் தந்தார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்குப் போதும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூபைப் பற்றியும் தெரிந்துகொண்டோம். வீரியமான ஸ்டீராய்டு, படைக்கு மருந்து, கிருமிக்கு மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்தது அது. எது வந்தாலும் இதைப் பூசிப் பூசித்தான் நம் நாட்டில் படை அடங்காத நோயாகப் பரவியிருக்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. "எப்பவும் வாங்கறதுதானே" என்று நாம் கேட்பதும் தவறு.

முகம், இமை, கழுத்துக்கு டாக்ரோலிமஸ் என்ற களிம்பு உண்டு. அது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலியச் செய்யாது. முதல் சில நாள் எரியும். இது தெரியாமல் பலர் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நம் அம்மாவும் எரியுது என்றுதான் சொன்னார். மருமகள் விடாமல் பூசினார். ஒரு வாரத்தில் எரிச்சல் போனது.

மாத்திரையும் ஊசியும்

ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் அரிப்பைச் சட்டென்று நிறுத்தும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். ஆனால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலவீனமாகும், கண்ணில் புரை வரும், காசநோய் போன்ற தொற்று தலைதூக்கும். நிறுத்தினால் கரப்பான் முன்னைவிட வேகமாகத் திரும்பும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தோல் டாக்டர் அவசரத்துக்குச் சில நாள் எழுதலாம். வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற மருந்து அது இல்லை.

தூக்கம் வரவைக்கும் பழைய அரிப்பு மாத்திரைகள் மலிவு. எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும். கரப்பான் அரிப்புக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை. பெரியவர்களுக்கு மயக்கம், குழப்பம், மலச்சிக்கல், நீர் அடைப்பு, ராத்திரியில் தடுமாறி விழுவது எல்லாம் வரும். நம் அம்மாவின் மணிக்கட்டு உடைந்ததில் அரிப்பின் பங்கைவிட அந்த மஞ்சள் மாத்திரையின் பங்குதான் அதிகம் என்று நினைக்கிறோம்.

களிம்புக்கு அடங்காவிட்டால்?

அப்போதும் வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, காசு மட்டும் இல்லை.

ஒளி சிகிச்சை: ஒரு பெட்டிக்குள் நிற்க வைத்துச் சில நிமிடம் குறிப்பிட்ட ஒளியைத் தோலில் படவைப்பார்கள். வயிற்றுக்குள் மருந்து போகாததால் ஏற்கெனவே பல மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு நல்லது. ஆனால் வாரத்துக்கு 2, 3 முறை, சில மாதம் போக வேண்டும். நம் அம்மாவுக்கு டாக்டர் முதலில் சொன்னது இதைத்தான். இரண்டு பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் ஆகும், மருமகளின் நூறு நாள் வேலை போகும். முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னோம். டாக்டர் கோபிக்கவில்லை, வேறு வழி பார்த்தார்.

மெத்தோட்ரெக்சேட்: விலை குறைந்த மாத்திரை. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. மறதியாகத் தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. கிழமையைப் பெட்டியின்மேல் பெரிதாக எழுதி, கொடுக்கிற பொறுப்பை ஒருவரே எடுத்துக்கொள்ள வேண்டும். கிட்னி, ஈரல், ரத்தப் பரிசோதனை தவறாமல் செய்ய வேண்டும்.

சைக்ளோஸ்போரின்: வேகமாகக் கேட்கும். பிரஷரை ஏற்றும், கிட்னியைப் பாதிக்கும். வயதானவர்களுக்கு யோசித்துத்தான் தருவார்கள்.

டூபிலுமாப் ஊசி: அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்த புது மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சர்க்கரை, பிரஷரை ஏற்றுவதில்லை, கண் மட்டும் சிலருக்குச் சிவந்து உறுத்தும். பெரியவர்களுக்குப் பொருத்தமான மருந்து என்கிறார்கள். ஆனால் அதன் விலை நம் உள்கடனில் அடங்காது.

டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப், உபாடசிட்டினிப் போன்ற மாத்திரைகள்: அரிப்பை வேகமாக அடக்கும். ஆனால் இந்த வகை மாத்திரையால் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு, புற்றுநோய் ஆபத்து கூடலாம் என்று 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு வழி இல்லாதபோதுதான் என்பது ஐரோப்பாவின் விதி. காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுச்சு" என்று வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை.

ஆக, எது சிறந்த மருந்து என்று ஒற்றைப் பதில் கிடையாது. இளவட்டத்துக்கு நல்ல மருந்து, நாலு வியாதி உள்ள பெரியவருக்கு நல்ல மருந்து ஆகாது. தோலை மட்டும் பார்த்து எழுதுகிற மருந்து பாதி மருந்துதான். அவருடைய சர்க்கரை, கிட்னி, கண் பார்வை, நடை, ஞாபகம், முதுகுக்கு எண்ணெய் பூச வீட்டில் ஒரு கை, பஸ் வசதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றில் பல நமக்குத்தான் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் உண்டு.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது கரப்பான்தானா, வேறு ஏதாவதா?
2. இந்த மருந்தின் பெயர் என்ன? ஸ்டீராய்டு இருக்கிறதா?
3. இவர் ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தோடு இது ஒத்துப்போகுமா?
4. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது?
5. என்ன தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை, டியூப், கஷாயம், லேகியம், பொட்டலத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த வைத்தியம் பார்ப்பவர்கள், முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் பெயர் எழுதிய மருந்தாக வாங்குங்கள். தோலில் சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

இப்போது அந்த அம்மா எப்படி?

ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். குறைத்த வாரங்களில் அரிப்பு கூடியது. மருமகளும் அவரும் சேர்ந்து அழுத ராத்திரிகள் உண்டு. தேங்காய் எண்ணெய், உடம்புக்கு ஒரு களிம்பு, முகத்துக்கு ஒரு களிம்பு என்று பிடிவாதமாகப் பூசினார்கள். அடங்கிய பிறகும், வழக்கமாக வருகிற இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் களிம்பு பூசச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது. அரிப்பு முழுசாகப் போகவில்லை, பனிக் காலத்தில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் தூங்குகிறார். போன வாரம் எங்களைப் பார்த்து, "என்னைத் தொட்டு எண்ணெய் பூசுறாளே என் மருமக, அதுலயே பாதி அரிப்பு போச்சு" என்றார்.

கடைசியாக எங்கள் வேண்டுகோள். மருத்துவத்துக்கு உள்கடன் கேட்டு வருகிறவரை நாம் ஒருபோதும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் கையெழுத்துப் போடும் முன், "எந்த ஆஸ்பத்திரி? சீட்டு இருக்கா? மருந்துக்குப் பேர் என்ன?" என்று அக்கறையோடு கேட்போம். சீட்டு இல்லையென்றால், கூட ஒரு உறுப்பினரை அனுப்பி அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்வோம். இதை எல்லாக் குழுக்களும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் குழுவில் எழுதிவிட்டோம். அந்த மூன்று கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அதே புத்தகத்தில்தான் எழுதினோம்.

இன்று வீட்டுக்குப் போனதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ராத்திரி தூங்கினீங்களா?" அவர் முதுகையும் ஒருமுறை பாருங்கள்.